கடன் விண்ணப்பத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், பசுமைக்குடிலில் கொய்மலர் வளர்க்கும் மகளிர் குழுவினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை. கூட்டத்தில் சகோதரிகள் கேட்ட கேள்விகளும் சேர்க்கப்பட்டுள்ளன.)



எங்களைப் பேசச் சொன்ன விஷயம், கொய்மலர்ச் செடியில் வைரஸ் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது. தலைப்பைக் கேட்டதும் "இது விஞ்ஞானிங்க பேச வேண்டியதாச்சே" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது எங்கள் காதில் விழுந்தது. விஞ்ஞானிகள் செய்ய வேண்டிய பாதி அவர்களிடம் இருக்கட்டும். மீதிப் பாதி, செடிக்குப் பக்கத்தில் தினம் எட்டு மணி நேரம் நிற்கிற நம்மிடம்தான் இருக்கிறது. அந்தப் பாதியைப் பற்றித்தான் பேச வந்தோம்.

இந்தக் கூட்டமைப்பில் சில குழுக்கள் ஏற்கெனவே பசுமைக்குடில் குத்தகைக்கு எடுத்து கார்னேஷன், ஜெர்பெரா, சாமந்தி போட்டிருக்கிறார்கள். இன்னும் சில குழுக்கள் வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு இருக்கிறார்கள். அந்த விண்ணப்பங்களை நாங்கள் வாங்கிப் பார்த்தோம். பாலித்தீனுக்கு ஒரு வரி, சொட்டுநீருக்கு ஒரு வரி, உரம், மருந்து, கூலி, வண்டி வாடகை எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கிறது. நாத்துப் பரிசோதனைக்கு மட்டும் வரி இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கு எங்கள் கோரிக்கை. ஏன் என்று விவரமாகச் சொல்கிறோம்.

பூசண நோய் வந்தால் மருந்தடித்து நிறுத்தலாம். செம்பேன், அசுவினி, இலைப்பேன் வந்தால் அதற்கும் மருந்து உண்டு. வைரஸுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. செடிக்குள்ளே போன வைரஸ், அந்தச் செடி இருக்கும் வரை அதிலேயே இருக்கும். அதிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு குச்சியிலும் போகும். "வைரஸ் மருந்து" என்று சொல்லி பாட்டில் விற்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு கடையில் எங்களிடமும் கொடுக்கப் பார்த்தார்கள். பாட்டில் மேல் எந்த வைரஸுக்கு என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டோம். எழுதியிருக்கவில்லை. காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

கணக்கைப் பாருங்கள். 1,000 சதுர மீட்டர் குடிலில் ஜெர்பெரா போட்டால் சதுர மீட்டருக்கு 6 செடி வீதம் ஏறக்குறைய 6,000 செடி. நாத்து ஒன்று 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாத்துக்கு மட்டும் 1,80,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு மேல் நிற்கப்போகிற செடி. கார்னேஷன் என்றால் நட்டு நாலு மாசம் கழித்துத்தான் முதல் பூ. அந்த நாலு மாசமும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். நாத்திலேயே நோய் இருந்தால், அது நமக்குத் தெரிய வரும்போது குடில் முழுக்கப் பரவி, தவணையும் ஆரம்பித்திருக்கும். அதனால் வைரஸ் விஷயத்தில் கண்டுபிடிப்பதுதான் வைத்தியம். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு செடி மிச்சம்.

அடுத்த சங்கடம், நோய் எப்போதும் நோய் மாதிரி தெரியாது. ஹாலந்து நாட்டில் 1630களில் துலிப் பூவுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி விலை கொடுத்தார்கள். வெள்ளைப் பூவில் தீ நாக்கு மாதிரி சிவப்புக் கோடு ஓடுகிற ரகங்களுக்குத்தான் உச்ச விலை. 1637 பிப்ரவரியில் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அந்தக் கோடு ஏன் வருகிறது என்பது அதற்குப் பிறகும் முந்நூறு வருஷம் தெரியாமலே இருந்தது. இங்கிலாந்தில் டோரதி கெய்லி என்ற பெண் விஞ்ஞானி, கோடு போட்ட பூவின் கிழங்கையும் ஒரே நிறப் பூவின் கிழங்கையும் வெட்டி ஒட்ட வைத்துப் பார்த்தார். நல்ல கிழங்கிலும் கோடு வந்தது. தொற்றுகிற ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1928ல் எழுதினார். அது அசுவினி பரப்புகிற வைரஸ். அத்தனை பணம் கொடுத்து ஜனங்கள் வாங்கியது நோய் பிடித்த கிழங்கை! நம் ஊர் மார்க்கெட்டில் அப்படியெல்லாம் ஏமாற மாட்டார்கள். பூவில் நிறம் சிதறியிருந்தால் கமிஷன் மண்டியில் கட்டையே ஓரமாகத் தூக்கி வைத்துவிடுவார்கள்.

சரி, கண்ணால் பார்ப்பதைப் பற்றிச் சொல்கிறோம். நாம் நுனி கிள்ளுகிறோம், பக்க மொக்கு எடுக்கிறோம், வலையைத் தூக்கிக் கட்டுகிறோம், பூ வெட்டுகிறோம். ஒவ்வொரு செடியும் வாரத்தில் ஒரு தடவையாவது நம் கைக்கு வருகிறது. எந்த ஆபீசரும் அப்படிப் பார்க்க முடியாது. பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இலையில் வெளிர் பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து வந்தால் தேமல். வளையம் வளையமாகவோ, நெளிநெளியாகக் கோடாகவோ மஞ்சள் விழுவது இன்னொரு அடையாளம். ரோஜாவில் மஞ்சள் கோடு இப்படித்தான் வரும். அது பெரும்பாலும் ஒட்டுக்கட்டும்போதே சேர்ந்து வந்த நோய். நுனி கருகி நிற்பது, தண்டில் பழுப்புக் கீற்று, செடி குட்டையாக நிற்பது, இதழில் நிறம் உடைவது எல்லாம் சந்தேகப்பட வேண்டியவை.

ஆனால் மஞ்சளைக் கண்டதும் வைரஸ் என்று பயந்து ஓடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைந்தாலும் இளம் இலை மஞ்சளாகும். அப்போது நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், இலையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், பாத்தி முழுக்கத் தெரியும், சத்துக் கொடுத்தால் அடுத்து வருகிற இலை பச்சையாக வரும். செம்பேன் என்றால் இலையைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பூச்சியே தெரியும். பக்கத்து வயலில் களைக்கொல்லி அடித்த வாடை வந்திருந்தால், அந்த ஓரத்துச் செடிகள் எல்லாம் ஒரே நாளில் சுருண்டிருக்கும். கார்னேஷன் வாடினால் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பாக இருந்தால் அது வாடல் பூசணமாக இருக்கலாம். வைரஸ் அப்படி வராது. இங்கே ஒரு செடி, அங்கே ஒரு செடி என்று தாறுமாறாக வரும். இலையின் ஒரு பாதி ஒரு மாதிரி, மறு பாதி வேறு மாதிரி இருக்கும். என்ன உரம் கொடுத்தாலும் புது இலையும் அப்படியேதான் வரும்.

எங்கள் குடிலில் சிவப்பு நூல் வைத்திருக்கிறோம். சந்தேகப்படுகிற செடியில் நூலைக் கட்டி, நோட்டில் தேதி, பாத்தி நம்பர், ரகம், என்ன பார்த்தோம் என்று எழுதுவோம். பத்து நாள் கழித்து மறுபடி பார்ப்போம். நூல் கட்டிய செடிகள் ஒரே வரிசையில் ஒன்றை அடுத்து ஒன்றாக வந்தால், நோய் கத்தரி வழியாகப் போகிறது என்று சந்தேகம். கதவு ஓரத்திலும் காற்று வருகிற பக்கத்திலும் அதிகமாக இருந்தால் பூச்சி வழி. இந்த நோட்டு பிறகு பரிசோதனைக் கூடத்துக்குப் போகும்போதும் கை கொடுக்கும். இன்னொன்று, நல்ல வெயில் காலத்தில் பல வைரஸ்களின் அடையாளம் மறைந்துவிடும். கார்த்திகை முதல் தை வரை குளிரில் வருகிற இளம் இலையில் தெளிவாகத் தெரியும். "சித்திரையில சரியாயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பி நூலை அவிழ்த்துவிடாதீர்கள்.

கத்தரி என்றதும் கார்னேஷன் மாட்டில் வைரஸ் ஞாபகம் வருகிறது. உலகம் பூராவும் கார்னேஷன் வளர்க்கிற இடங்களில் காணப்படுகிற வைரஸ் இது. நம் நாட்டிலும் உண்டு. இதைப் பரப்ப ஒரு பூச்சியும் வேண்டாம். செடியின் சாறு பட்ட கை, கத்தரி, பக்கத்து வேரோடு உரசுகிற வேர், இவை போதும். இலையில் லேசான தேமல் தெரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது. பூ குறையும், தரம் குறையும். நாம் உரம் பத்தவில்லை என்று நினைத்துக்கொண்டு இருப்போம். ஆக, நோயை முதலில் பார்க்கிற கண்ணும் நம்முடையது, அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகிற கையும் நம்முடையதுதான். கண்ணை விட கை வேகமாகப் போகிறது என்பதுதான் கஷ்டம்.

அதற்காக ஒரு ஆளுக்கு இரண்டு கத்தரி வைத்திருக்கிறோம். ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று கிருமிநீக்கிக் கரைசலில் கிடக்கும். பாத்தி மாறும்போது கத்தரியும் மாறும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவோம். நூல் கட்டிய செடியைக் கடைசியாகத்தான் தொடுவது. இதெல்லாம் நேரம் பிடிக்கிற வேலைதான். ஒப்பந்தக் கூலிக்குக் கட்டுக் கணக்கில் வேலை செய்கிற பெண்களிடம் இதைச் செய்யச் சொல்லிவிட்டு, கட்டுக் குறைந்தது என்று கூலியைப் பிடிப்பது நியாயமில்லை. கை கழுவுகிற நேரத்துக்கும் கூலி உண்டு என்று எங்கள் தீர்மான நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

இனி பூச்சி வழியாக வருவது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத் தக்காளி எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. தக்காளியில் நுனி கருகி, காயில் வளையம் விழுகிற நோயைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அது பெரும்பாலும் நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸ். பெயர்தான் நிலக்கடலை. தக்காளியிலும் வரும், நாம் வளர்க்கிற சாமந்தியிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். பரப்புவது இலைப்பேன். இதில் ஒரு விசேஷம் உண்டு. இலைப்பேன் குஞ்சாக இருக்கும்போது நோய்ச் செடியைத் தின்றால்தான் வைரஸ் அதற்குள் ஏறும். வளர்ந்த பிறகு தின்றால் பரப்பாது. ஆனால் குஞ்சிலேயே ஏறிவிட்டால், இறக்கை முளைத்து, சாகும் வரை போகிற செடிக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் குடிலுக்குள் ஒரு நோய்ச் செடியை விட்டு வைப்பது என்றால், அதில் பிறக்கிற குஞ்சுகளுக்கெல்லாம் வைரஸைத் தாய்ப்பாலாகக் கொடுத்து வளர்ப்பது மாதிரி.

பார்த்தீனியச் செடியையும் சொல்ல வேண்டும். குடிலைச் சுற்றி அது பூத்துக் கிடந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. நமக்குப் பக்கத்து மாநிலத்தில் அனந்தப்பூர் மாவட்டத்தில் 2000ஆம் வருஷம் நிலக்கடலையில் புகையிலைக் கீற்று வைரஸ் வந்து சுமார் 2,25,000 ஹெக்டேர் பாதிக்கப்பட்டது. நஷ்டம் 300 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டார்கள். பார்த்தீனியத்தில் அந்த வைரஸ் வெளியே தெரியாமல் இருக்கும். அதன் மகரந்தத்தை இலைப்பேன் சுமந்துகொண்டு போய் மற்ற செடியில் சேர்க்கும். பூக்கும் முன்னே பிடுங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இலைப்பேன் வந்திருக்கிறதா என்பதை நீல ஒட்டுப்பொறி காட்டும். வந்த இலைப்பேனிடம் வைரஸ் இருக்கிறதா என்பதை அது காட்டாது. அதைக் காட்ட ஒரு பூச்செடி இருக்கிறது. நாம் தொட்டியில் வைக்கிற பெட்டூனியாதான். இலைப்பேன் பரப்புகிற இந்த வகை வைரஸ்களைக் கண்டுபிடிக்க, வெளிநாட்டுக் குடில்களில் 1990களிலிருந்தே பெட்டூனியாவைக் காவலுக்கு வைக்கிறார்கள். செடிகளுக்கு நடுவே, கதவு ஓரத்தில், ஒவ்வொரு தொட்டியாக வைக்க வேண்டும். பெட்டூனியாவின் பூவை மட்டும் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலைப்பேன் பூவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இலையைக் கடிக்காது. தொட்டிக்குப் பின்னால் பசை தடவாத நீல அட்டை ஒன்று வைத்தால் அந்த நிறத்துக்கு வந்து சேரும். சும்மா இலைப்பேன் கடித்தால் வெள்ளைத் தழும்பு மட்டும் இருக்கும். வைரஸ் சுமந்த இலைப்பேன் கடித்தால் இரண்டு மூன்று நாளில் அந்தத் தழும்பைச் சுற்றிப் பழுப்பாக, கருப்பு ஓரத்தோடு புள்ளி விழும். நம் சாமந்தியில் நோய் தெரியப் பல வாரம் ஆகும், பெட்டூனியா மூன்று நாளில் சொல்லிவிடும். நோய் அந்த இலையோடு நின்றுவிடுவதால் இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு அதே தொட்டியை மறுபடி வைக்கலாம். எல்லா பெட்டூனியா ரகமும் இந்த வேலைக்கு ஆகாது. எது ஆகும் என்று எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கண்ணும் பெட்டூனியாவும் சந்தேகத்தைத்தான் தரும். எந்த வைரஸ் என்று உறுதி சொல்ல பரிசோதனைதான் வேண்டும். இதில் மூன்று வகை தெரிந்திருந்தால் போதும்.

பட்டைப் பரிசோதனை என்று ஒன்று. கர்ப்பம் பார்க்கிற அட்டை தெரியாத பெண்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், அதே மாதிரிதான். இலையைச் சிறு பையில் இருக்கிற திரவத்தில் போட்டு நசுக்கி, பட்டையை அதில் நிறுத்தினால் சில நிமிஷத்தில் கோடு வரும். இரண்டு கோடு என்றால் அந்த வைரஸ் இருக்கிறது. ஒரு கோடு என்றால் அகப்படவில்லை. மேல் கோடே வராவிட்டால் பட்டை கெட்டுப்போனது, அந்த முடிவு செல்லாது. ஒரு பட்டை ஒரு வைரஸைத்தான் பார்க்கும் என்பதை மறக்காதீர்கள். "டெஸ்ட்ல ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு" என்று நாத்துக்காரர் சொன்னால், "எந்த வைரஸுக்குப் பார்த்தீங்க அண்ணா?" என்று கேளுங்கள்.

அடுத்தது எலிசா. 1977லிருந்து செடி வைரஸுக்குப் பயன்படுகிற முறை. 96 குழி உள்ள தட்டில் இலைச்சாற்றை விட்டு, அந்த வைரஸைப் பிடிக்கிற மருந்தைச் சேர்ப்பார்கள். நோய் இருந்தால் குழி மஞ்சளாக மாறும். ஒரே நேரத்தில் நிறைய மாதிரி பார்க்கலாம் என்பதால் தாய்ச்செடிகளைச் சோதிக்க ஏற்றது.

மூன்றாவது ஆர்.டி.பி.சி.ஆர். 2020ல் கொரோனா வந்தபோது நம் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டார்களே, அதே பரிசோதனை. மிகக் கொஞ்சமாக இருந்தாலும் கண்டுபிடிக்கும். செலவு அதிகம், கூடத்தில்தான் முடியும்.

சாமந்தி போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சாமந்திக் குட்டை நோய் என்று ஒன்று 1940களில் அமெரிக்காவில் தெரிய வந்தது. செடி குட்டையாகிவிடும், பூ சிறுத்துவிடும், நிறம் வெளுக்கும், குறித்த நாளுக்கு முன்னாலேயே பூத்துவிடும். இதற்குக் காரணம் வைரஸ்கூட இல்லை, அதை விடச் சின்னதான வைராய்டு. வைரஸுக்கு மேலே ஒரு புரத உறை உண்டு. பட்டையும் எலிசாவும் அந்த உறையைத்தான் பிடிக்கின்றன. வைராய்டுக்கு உறையே கிடையாது. அதனால் எத்தனை பட்டை வைத்தாலும் இல்லை என்றுதான் வரும். பி.சி.ஆர். மாதிரியான பரிசோதனைதான் காட்டும். இது கைவழி, கத்திவழி பரவுவது. தொற்றிய பிறகு வெளியே தெரியப் பல மாசம்கூட ஆகலாம். அதற்குள் நாம் அந்தச் செடியிலிருந்து எத்தனை குச்சி எடுத்திருப்போம்?

இந்த இடத்தில் ஒரு சகோதரி எழுந்து கேட்டார்: "நாத்துக்கு அவ்வளவு பணம் கொடுக்கிறதுக்குப் பதிலா, நம்ம பழைய சாமந்தியிலேயே குச்சி ஒடிச்சு வேர் விட வெச்சா என்ன? எங்க அம்மா காலத்துல அப்படித்தானே செஞ்சாங்க?"

நியாயமான கேள்வி. நம் அம்மாக்கள் வேலியோரம் வைத்த சாமந்தி, ஒரு வீட்டுத் தோட்டத்தில் பத்துச் செடி. நோய் வந்தால் பத்தோடு போகும். இங்கே ஒரு கூரைக்குக் கீழே பல ஆயிரம் செடி, எல்லாம் ஒரே ரகம், ஒரே கத்தரி, ஒரே பெண்கள். குச்சி எடுத்து நாத்து செய்வது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. பரிசோதித்த தாய்ச்செடியிலிருந்து எடுங்கள், அந்தத் தாய்ச்செடியைத் தனியாகப் பூச்சிவலைக்குள் வையுங்கள், பூவுக்காக வெட்டுகிற செடியிலிருந்து எடுக்காதீர்கள் என்கிறோம். பூ விற்கிற செடி வேறு, நாத்துக்கான தாய் வேறு.

நோய் பிடித்த ரகத்தைச் சுத்தம் செய்யவும் வழி இருக்கிறது. 1952ல் பிரான்சில் மொரெல், மார்ட்டின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வைரஸ் பிடித்த டேலியாவின் குருத்து நுனியை மட்டும் எடுத்து வளர்த்து வைரஸ் இல்லாத செடி உண்டாக்கினார்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத நுனி. அந்த இடத்தில் வைரஸ் போய்ச் சேர்வது குறைவு. இன்றைக்குத் திசு வளர்ப்புக் கூடங்களில் செய்வது அதன் தொடர்ச்சிதான். ஆனால் திசு வளர்ப்பு நாத்து என்றாலே சுத்தம் என்று அர்த்தமில்லை. சோதிக்காத தாயிலிருந்து எடுத்தால் வைரஸும் சேர்ந்தே பெருகும். இதற்காகத்தான் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006ல் திசு வளர்ப்புச் செடிகளுக்குத் தேசியச் சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்தது. அங்கீகரிக்கப்பட்ட கூடத்தில் வைரஸ் சோதனை செய்துதான் சான்று தர வேண்டும். ஜெர்பெரா வாங்குகிறவர்கள் அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

சான்று இல்லாத நாத்து என்றால் நாமே சோதிக்கலாம். எத்தனை எடுப்பது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கு இங்கே செல்லாது. சோறு எல்லாம் ஒரே அடுப்பில் வெந்தது. நாத்து அப்படி இல்லை, ஒன்றில் இருக்கும், பக்கத்தில் இருக்காது. நூற்றுக்கு 5 நாத்தில் நோய் இருக்கிறது என்றால், தட்டுத் தட்டாக மாற்றி மாற்றி 60 நாத்து எடுத்தால் நூறு தடவையில் 95 தடவை அகப்பட்டுவிடும். நூற்றுக்கு ஒன்றில்தான் நோய் என்றால் 300 எடுக்க வேண்டும். ஐந்து நாத்தின் இலையை ஒன்றாகச் சேர்த்து ஒரு மாதிரியாகக் கொடுத்தால் 60 நாத்துக்கு 12 பரிசோதனைதான். கொரோனாவில்கூட இப்படிச் சேர்த்துப் பார்த்தார்கள். எத்தனை சேர்க்கலாம் என்பதைக் கூடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 12 பரிசோதனைக்கு ஆகும் செலவுதான் விண்ணப்பத்தில் விட்டுப்போன வரி. கூடத்தில் கட்டணம் விசாரித்து, அந்தத் தொகையை மருந்துச் செலவுக்கு மேலே எழுதுங்கள், கீழே வேண்டாம்.

இன்னொரு அக்கா கேட்டது மனசைத் தைத்தது. "பூத்துக்கிட்டிருக்கிற செடியைப் பிடுங்கச் சொல்றீங்களே, இந்த மாசத் தவணையை யாரு கட்டுவா?" எங்கள் குழுவிலும் இதே கேள்வி வந்து இரண்டு கூட்டம் ஓடியது. கோபமாகவும் பேசினார்கள், அழுதவர்களும் உண்டு. கடைசியில் இப்படி முடிவு செய்தோம். பரிசோதனையில் உறுதியான செடி பூத்தாலும் பிடுங்குவது. அது யார் பராமரிக்கிற பாத்தியில் வந்தாலும் நஷ்டம் குழுவுக்குத்தான், அந்தப் பெண்ணுக்கு இல்லை. அப்படி இல்லாவிட்டால் யார் நூல் கட்டுவார்கள்? கண்ணில் பட்டாலும் பார்க்காத மாதிரி போய்விடுவார்கள். நோயைச் சொன்னவருக்கு நஷ்டம் வருமென்றால் நோய் ஒளிந்துகொள்ளும். தவணைக்கு உள்கடனிலிருந்து எடுப்பது என்று முதலிலேயே தீர்மானம் போட்டுவிட்டால், பிடுங்கும்போது கை நடுங்காது.

பிடுங்குகிற விதமும் முக்கியம். ஆட்டினால் இலைப்பேன் பறந்துவிடும். செடி மேல் பாலித்தீன் பையைக் கவிழ்த்து, அப்படியே வேரோடு எடுத்து, வாயைக் கட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். குடிலுக்குப் பக்கத்து எருக்குழியில் போடக் கூடாது.

நாத்து வாங்கும்போது பில் வாங்குங்கள். ரகம், எண்ணிக்கை, தேதி, எந்தத் தொகுதி என்பதெல்லாம் பில்லில் இருக்கட்டும். பாதி விலைக்குப் பில் இல்லாமல் தருகிறேன் என்று ஒருவர் எங்களிடமும் வந்தார். நோய் வந்தால் அவரை எங்கே தேடுவது? விதை வாங்குகிற விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் பில்லும் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் அங்கே போய் என்ன காட்டுவது?

கடைசியாக மாதிரி அனுப்புகிற முறை. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறை இருக்கிறது. நமக்குக் கிட்டத்தில் பெங்களூரு ஹெசரகட்டாவில் இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. முதலில் போன் செய்து, நாம் பார்க்க வேண்டிய வைரஸை அவர்கள் சோதிக்கிறார்களா, கட்டணம் என்ன என்று கேளுங்கள். அடையாளம் தெரிகிற இளம் இலையை எடுங்கள், அழுகினதும் காய்ந்ததும் வேண்டாம். அதே ரகத்தில் நன்றாக இருக்கிற செடியின் இலையையும் தனியாக எடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் கையைக் கழுவிக்கொண்டு எடுங்கள், இல்லாவிட்டால் நம் கையே நல்ல மாதிரியில் நோயைச் சேர்த்துவிடும். தண்ணீர் தெளிக்காதீர்கள். காகிதத்தில் சுற்றி, பாலித்தீன் உறையில் போட்டு, ஐஸ் பொட்டலத்தோடு அனுப்புங்கள். ரகம், பாத்தி நம்பர், தேதி, கடைசியாக அடித்த மருந்து எல்லாம் சீட்டில் இருக்கட்டும். சனிக்கிழமை கூரியரில் போடாதீர்கள். ஞாயிறு முழுக்கக் குடோனில் கிடந்து அழுகிவிடும். திங்கட்கிழமை காலையில் போடுங்கள்.

சிவப்பு நூல் நோட்டு எப்படி எழுதுவது என்று பார்க்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பிரதிநிதியிடம் வாருங்கள். இரண்டு வருஷ நோட்டையும் எடுத்து வந்திருக்கிறோம். பூதக்கண்ணாடியும் நாலு இருக்கிறது. கடன் விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கிற குழுக்கள் அதையும் கொண்டுவாருங்கள், அந்த வரியை இன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிடலாம்.